நாற்பத்தேழாவது வகுத்தல்

இடது தோள் விடியும்போதே விண்விண்ணென்று தெறித்தது. இசக்கியம்மாள் தேங்காயெண்ணெயைத் தடவிக்கொண்டு இழுவைப் பட்டையை மாட்டினாள். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை கக்கிய உப்பை அள்ளிப்போய்க் கொட்டுவது வேலை. மற்றவர்கள் இரண்டிரண்டு பேராகத் தண்டில் மாட்டித் தூக்கினார்கள். அதே பாரத்தை அவள் பதினோரு வருடமாக ஒற்றை ஆளாக இழுத்தாள்.

பெரிய வேலைநிறுத்தத்துக்குப் பிறகு வந்த சட்டம் அது. பேசிவைத்து ஆள் சேரக்கூடாது. பிறந்ததும் ஒவ்வொருவருக்கும் பதியும் பிறப்பெண்தான் ஆளைச் சேர்க்கும். ஒவ்வொரு அணிக்கும் ஒரு பகா எண். உன் எண்ணை மீதியில்லாமல் வகுப்பவற்றில் எது சிறியதோ அதுவே உன் அணி. உன் எண்ணே பகா எண் என்றால் நீ தனியாள். ‘பங்கீட்டி’ என்ற கம்ப்யூட்டர் அவளுடைய 5,60,52,361-ஐ ஒரு நொடி பார்த்துவிட்டுத் தனியாள் என்று சொல்லிவிட்டது.

ஒன்றரை மாதம் முன்பு தோள்வலி தாங்காமல் துணையாள் கேட்டபோது எழுத்தர் யாகப்பன் சிரித்தார்.

“எதாலயாவது வகுத்துக் கொண்டா, தாரேன்.”

அதையே செய்தாள். தினமும் சோறு தின்ற கையோடு உப்புத்தரையில் குச்சியால் ஒரு கணக்கு. இரண்டு, மூன்று, ஐந்து என்று அணிப் பலகைகளின் வரிசைப்படி. நாற்பத்தாறு நாளும் மீதி நின்றது. நேற்று 211. கடைசியில் பூஜ்யம். காலால் கலைத்துவிட்டு மறுபடி போட்டாள். பூஜ்யந்தான்.

இன்று யாகப்பன் 211-ஐ அவளுக்குக் கிடைத்த ஈவால் பெருக்கிப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

“சரியாத்தான் இருக்கு. பங்கீட்டி எதையும் வகுத்துப் பாக்காதும்மா, நேரமாவும். நாலஞ்சு குறுக்குக் கேள்வி கேக்கும். பகா எண்ணெல்லாம் தேறிரும். பல லட்சத்துல ஒண்ணு, இந்த மாதிரி வேசம் போட்ட எண்ணும் தேறிரும்.”

“வேசம் நானா சார் போட்டேன்?”

அவர் படிவத்தை இழுத்தார். “இன்னையிலருந்து 211-ஆம் அணின்னு போடுதேன்.”

“நேத்து வரைக்கும்?”

“அதுக்கு இதுல கட்டம் இல்லம்மா.”

அணியில் ரூபவதி தண்டின் பின்முனையைப் பிடித்தாள். “வாங்கக்கா. இம்புட்டு நாளும் எங்கள ஏறிட்டே பாக்க மாட்டிய. கடைசியில நம்மாளுல்லா!”

“பாத்தா மட்டும் வந்து இழுத்திருப்பியாக்கும்?”

தண்டு தோளில் ஏறியதும் இசக்கி பழக்கதோஷத்தில் முழுப் பாரத்துக்கும் உந்தினாள். ரூபவதி தடுமாறி முட்டி மடங்கினாள்.

“யக்கா, மெதுவா! பின்னால நானும் ஒருத்தி இருக்கேம்லா.”

இசக்கி நின்றாள். தண்டை வலது தோளுக்கு மாற்றிக்கொண்டு சின்ன எட்டாக வைத்து நடந்தாள். பாதிப் பாரம் இவ்வளவுதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சும்மா கிடந்த இடது தோள் அப்போதும் தெறித்தது. ஆலை அவளுக்குப் பதினோரு வருடத்துத் துணையாளின் தோளைப் பாக்கி வைத்திருந்தது.