காய்ந்த வாளி

மதியம் மூன்று மணி. வேதியியல் ஆய்வகத்தின் அலமாரிப் பூட்டு உடைந்து கிடந்தது. உள்ளே இருந்த பிளாட்டினக் கிண்ணத்தைக் காணவில்லை. கல்லூரியிலேயே விலை அதிகமான பொருள் அது, உள்ளங்கையில் அடங்கிவிடும்.

இன்ஸ்பெக்டர் அம்மா கால் மணி நேரத்தில் வந்தார். அதற்குள் முதல்வர் திருடியையே பிடித்து வைத்திருந்தார். இரண்டாம் ஆண்டு மாணவி. தோழிகள் வைத்த பெயர் 'சுவிட்ச்'. காலி அறையில் விசிறி சுற்றினால் அவளுக்குப் பொறுக்காது. போய் அணைத்துவிட்டுத்தான் மறுவேலை. பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் 'போகும்போது அணைக்கவும்' என்று எழுதி, போன மாதம் எல்லா அறைகளிலும் ஒட்டியவள். ஒருவரும் அதைச் சட்டை செய்ததாகத் தெரியவில்லை.

இன்று அந்தப் பழக்கமே அவளுக்கு வினையாகிவிட்டது. ஒரு மணிக்கு எல்லாரும் சாப்பிடப் போனபின், ஃபேனை அணைக்கப் போவதாகச் சொல்லி அவள் மட்டும் ஆய்வகத்துக்குள் போய் வந்தாள் என்றார் வாட்ச்மேன். அதன்பிறகு முன்வாசலில் ஈ காக்கைகூட நுழையவில்லையாம். சாயங்காலத்துக்குள் அவளைக் கல்லூரியை விட்டே நீக்கிவிடுவது என்று முதல்வர் ஒற்றைக் காலில் நின்றார்.

இன்ஸ்பெக்டர் அவளுடைய துணிப்பையைக் கொட்டினார். எவர்சில்வர் பாட்டில், ஒரு ஸ்பூன், ஒருபக்கத் தாள்களைச் சேர்த்துத் தைத்த நோட்டு. கிண்ணம் இல்லை.

"வெளிய வந்ததும் எங்க போன?"

"பின்பக்கம், மேடம். செடிக்குத் தண்ணி ஊத்த. பொறுப்பாளர் சார் ரூம் ஏசியிலேர்ந்து சொட்டுறத வாளி வச்சுப் பிடிக்கிறேன். ஊத்திட்டு வாளியத் திரும்ப அங்கயே வச்சுட்டேன்."

அப்புறம் நூலகத்தில் இருந்தாளாம். சொல்லும்போதே குரல் உடைந்தது. படிப்பு போனால் வீட்டில் எந்த முகத்தோடு நிற்பது என்ற பயம் அவளுக்கு.

ஆய்வகப் பொறுப்பாளர் முதல்வரின் வலது கை. ஆய்வகத்தின் பின்கதவுக்கு எதிரே அவருடைய அறை. அந்தக் கதவின் சாவி அவரிடம் மட்டும்தான். சாப்பாட்டு மணி அடித்ததும் தலைவலி என்று கதவைச் சாத்திப் படுத்தவர், கூச்சல் கேட்டுத்தான் எழுந்தாராம்.

"இந்த வெயில்ல எப்படித் தூங்கினீங்க?"

"ரெண்டு மணி நேரமும் ஏசி ஓடுச்சே. கூச்சல் கேட்டு வரும்போதுதான் அணைச்சேன். இல்லன்னா இவ விடுவாளா?" என்று சிரித்தார்.

இன்ஸ்பெக்டர் பின்பக்கம் நடந்தார். வாளி இருந்த இடத்திலேயே இருந்தது. குனிந்து பார்த்தார். அதன் அடியில் எறும்புகள் சாவகாசமாக ஊர்ந்துகொண்டிருந்தன. ஏசிக் குழாயின் வாயில் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு வாட்ச்மேனிடம், மதியம் கரண்ட் போனதா என்று கேட்டார். போகவில்லை.

திரும்பி வந்து பொறுப்பாளரின் முன் நின்றார்.

"ரெண்டு மணி நேரம் ஏசி ஓடியிருந்தா வாளியில தண்ணி நிக்கணும். யாராவது கொட்டியிருந்தாலும் குழாய் வாயி ஈரமா இருக்கும். ரெண்டுமே காஞ்சு கிடக்கு. நீங்க ரூம்லயே இல்ல சார். பின்கதவு வழியாப் போய்ப் பூட்ட உடைச்சது நீங்கதான்."

அவருடைய ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் கிண்ணம் கிடைத்தது. வாங்குவதாகச் சொன்ன ஆளுக்காகத் தெருமுனையில் காத்து நின்றிருக்கிறார். அந்த ஆள் வரவே இல்லை.

முதல்வர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். இன்ஸ்பெக்டருக்கு மட்டும் ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. தூங்கினதாகப் பொய் சொல்ல நினைத்தவர், ஏசியை ஓடவிட்டே போயிருக்கலாமே?

பொறுப்பாளர் தரையைப் பார்த்தார். "நெனச்சு அணைக்கல மேடம். கதவுகிட்ட இவ ஒட்டின தாள் கண்ணுல பட்டுச்சு. கை தானா சுவிட்சுக்குப் போயிடுச்சு. ஒரு மாசமா அப்படித்தான்."

'சுவிட்ச்' கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை.

"காலேஜ் பூரா ஒட்டினேன், மேடம். நான் சொன்னதக் கேட்டது சார் ஒருத்தர்தான்" என்றாள்.