வரைபடத்தில் விட்டுப்போன சன்னல்

மைக்கூட்டைத் தட்டிவிட்டவன் நான்தான்.

மைசூரில் புதிதாக ஒரு சிறை கட்ட, 1924-இல் பெரிய எஞ்சினியர் போட்டிருந்த வரைபடம் முழுக்க மை. கைதியும் மனுஷன்தான், காற்றும் வெளிச்சமும் வேண்டும் என்று அறைக்கு அறை மார்பளவில் ஒரு சன்னல் வைத்திருந்தார் அவர். அவர் ஆபீசில் படம் நகலெடுக்கும் என் வேலை போய்விடும் என்ற பயத்தில் யாருக்கும் சொல்லாமல் ஞாபகத்திலிருந்து திரும்ப வரைந்தேன். என் ஞாபகசக்தியைப் பற்றி என் மனைவியைத்தான் கேட்க வேண்டும். ஏழாம் அறைக்குச் சன்னல் விட்டுப்போயிற்று. மேஸ்திரி பழனிமுத்து வரைந்தபடியே கட்டினார். மைசூர் ராஜ்ஜியத்தில் என் பேச்சை அப்படியே கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

சிறை திறந்த முதல் கோடையிலேயே, அந்த அறையில் சித்தையன் என்ற கைதி, கௌதள்ளி கிராமத்துக்காரன், செத்துப்போனான்.

ஒரு வருஷம் கழித்து, சுவரை உடைத்துச் சன்னல் வைக்க இடம் குறித்து வா என்று என்னையே அனுப்பினார்கள். செத்தவனுக்காக அல்ல. யாரோ பெரிய மனிதர் சிறையைப் பார்க்க வருகிறாராம்.

வார்டர் குழந்தைசாமி கதவைத் திறந்தார். உச்சிவெயில் வாசலோடு நின்றுகொண்டது.

"அந்த ஆள் எதனால செத்தான்?"

"காய்ச்சல்னு எழுதியிருக்கு, ஸ்வாமி."

"எழுதினதைக் கேக்கல. மூச்சு முட்டியா?"

"நான் அப்ப ரஜாவுல ஊருக்குப் போயிருந்தேன், ஸ்வாமி."

காலையில் ஜெயில் டாக்டரிடமும் இதையே கேட்டேன். இந்த வருஷம் மழை எப்படி என்று பேச ஆரம்பித்தார்.

சாக்குக்கட்டியோடு தனியாக உள்ளே போனேன். ஈரச் சுண்ணாம்பு வாடை. அதற்கடியில் பழைய வியர்வை வாடை. நாலு அடி போனதும் என் கையே எனக்குத் தெரியவில்லை. சுவரைத் தடவி, மார்பளவில் கோடு போடக் கையைத் தூக்கினேன்.

கை கீழே இறங்கியது.

நான் இறக்கவில்லை.

ஐந்து குளிர்ந்த விரல்கள் மணிக்கட்டைப் பற்றி மெல்ல இழுத்தன. முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டேன். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கை நின்றது. அங்கே காரை நகத்தால் சுரண்டிக் குழியாகியிருந்தது.

படுத்துக் கிடப்பவனின் வாய் இருக்கும் உயரம்.

"குழந்தைசாமி..."

"இங்கதான் நிக்கிறேன், ஸ்வாமி." குரல் வாசலிலிருந்து வந்தது.

என் காதருகே யாரோ இழுத்து இழுத்து மூச்சு வாங்கினார்கள்.

ஓடியிருக்கலாம். கால் வரவில்லை என்று சொன்னால் பாதி உண்மை. ஒரு வருஷமாக நான் பார்த்தவரிடமெல்லாம் சுற்றிவளைத்துக் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி நாக்கு நுனியில் இருந்தது.

"சித்தையா," என்று கிசுகிசுத்தேன். "சொல்லுப்பா. என்னாலதானா?"

மூச்சுச் சத்தம் நின்றது.

"ஆமாங்க சாமி," என்றது இருட்டு, மரியாதை குறையாமல். "உங்களாலதானுங்க."