கோரைக்கு அந்தப் பக்கம்

படகு கைக்கெட்டும் தூரத்தில் உரசிக்கொண்டு போயும் அந்த நீலத் தாழைக்கோழி பறக்கவில்லை. ஆகாயத்தாமரை இலைகளுக்கு நடுவே நின்றபடி, சிவந்த அலகைத் தண்ணீருக்குக் கொண்டுபோய், மேலே எடுத்து, மறுபடி கொண்டுபோனது. அலகில் எதுவும் சிக்கவில்லை. சிக்க வேண்டும் என்று அது நினைத்ததாகவும் தெரியவில்லை. புடவையைக் கணுக்காலுக்கு மேல் சுருட்டிப் பிடித்துக்கொண்டு படகுப் பலகையில் உட்கார்ந்திருந்த யூனிஸ், கழுத்து வலிக்கும்வரை திரும்பி அதையே பார்த்தாள். இதுவரை கண்ட பறவைகளெல்லாம் படகின் நிழல் விழுந்ததுமே பதறி எழும்பியிருந்தன.

"பயமே இல்ல பாரு டீச்சர் அதுக்கு," என்றான் பின்னால் நின்று கழி ஊன்றிய குப்புராஜ். "நம்மகிட்ட பழகிப்போச்சு."

அவள் உதட்டை இறுக்கிக்கொண்டாள். வாயைத் திறந்தால் சதுப்பின் நாற்றம் உள்ளே வந்துவிடும் போலிருந்தது.

இந்த ஞாயிற்றுக்கிழமைப் பயணம் அவள் கணவர் ஜீவரத்தினத்தின் ஆசை. ரயில்வே ஆபீசில் வேலை. போன வருஷம், தொண்ணூற்று மூன்றில், யாரோ சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பைனாகுலரை வாங்கியதிலிருந்து பறவைப் பைத்தியம். மழைக்காலம் முடிந்து சதுப்பு நிரம்பியிருக்கிறது, வெளிநாட்டுப் பறவையெல்லாம் வந்திருக்கிறது, குப்புராஜ் என்று ஒருவன் படகில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறான் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். காலையில் சர்ச், மத்தியானம் சாப்பாடு, அப்புறம் அஸ்தினாபுரம் வீட்டைப் பூட்டிவிட்டு ஸ்கூட்டரில் கிளம்பி மேடவாக்கம் தாண்டி இங்கே. குப்புராஜிடம் பெரிய படகு ஒன்றும், கயாக் என்று ஒற்றை ஆள் உட்கார்ந்து துடுப்புப் போடும் ஒடுங்கின படகு ஒன்றும் இருந்தன. மஞ்சள் கயாக்கைப் பார்த்ததும் ஜீவரத்தினம் சின்னப் பையன் போலாகிவிட்டார். "நான் முன்னாடி போறேன் யூனிஸ், நீ குப்புராஜோட வா," என்று பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஏறியவர், இப்போது தூரத்தில் கோரைகளுக்கிடையே ஒரு மஞ்சள் கீற்றாகத் தெரிந்தார்.

யூனிஸ் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியை. கண்ணாடிக் குடுவைக்குள் ஃபார்மலினில் மிதக்கும் எதையும் அவளால் கூசாமல் கையில் எடுத்துக் காட்ட முடியும். உயிரோடு வழவழவென்று இருப்பதுதான் ஆகாது. கரையை விட்ட இடத்தில் தண்ணீரே தெரியாமல் பிளாஸ்டிக் பைகளும், பஞ்சும், உப்பி வெடித்த ஒரு எருமையும் மிதந்தன. எருமையின் வயிற்றுக்குள் நாய் ஒன்று தலையை விட்டிருந்தது. அப்போதே திரும்பிவிடலாம் என்றிருந்தது அவளுக்கு. ஆனால் அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

சதுப்பின் உள்ளே போகப் போகக் குப்பை குறைந்து, தண்ணீர் டீத்தூள் நிறத்துக்கு மாறி, கோரை ஆள் உயரத்துக்கு இரண்டு பக்கமும் நெருங்கி வந்தது. குப்பை நாற்றமும் நின்றுவிட்டது. அதற்குப் பதிலாக வேறு ஒன்று வந்தது. நாள்பட்ட கஞ்சித் தண்ணீரும், உடைந்த முட்டையும், காய்ச்சல்காரர் வாயும் சேர்ந்தாற்போல, லேசான தித்திப்போடு, நாக்கின் அடியில் போய் ஒட்டிக்கொள்கிற ஒரு வாடை. கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினாள். கைக்குட்டைக்கு உள்ளேயும் அது இருந்தது.

"என்ன வாடை இது குப்புராஜ்?"

"தெர்ல டீச்சர். போன வாரம் இல்ல இது." அவன் காறித் துப்பினான். "இன்னாவோ செத்துக் கீது."

அடுத்த திருப்பத்தில் சாம்பல் நாரை ஒன்று நின்றது. அதுவும் பறக்கவில்லை. ஓடை அங்கே மிகவும் ஒடுங்கியிருந்ததால் படகு அதன் மேலேயே மோதிவிடும் போல நெருங்கியது. யூனிஸ் அதன் கண்ணைப் பார்த்தாள். மஞ்சள் கண். அதன் மேல் ஒரு ஈ உட்கார்ந்து, நடந்து, விளிம்பில் நின்று கால்களைத் தேய்த்துக்கொண்டது. கண் இமைக்கவில்லை. நாரை கழுத்தை நீட்டியது, மடக்கியது, நீட்டியது. ஒரே அளவாக.

"சூ, போ," என்று குப்புராஜ் கழியின் நுனியால் அதை மெல்லத் தள்ளினான்.

இறகு உதிரவில்லை. கொதித்த பாலின் ஆடை போல மொத்தமாகச் சுருண்டு வழுக்கிக்கொண்டு வந்தது. அதன் அடியில் தோலும் இல்லை, சதையும் இல்லை. வெளுத்த, இளஞ்சிவப்பான, ஈரமாய் மினுங்குகிற ஏதோ ஒன்று. அது சுருங்கியது. ரத்தம் வரவில்லை. நாரை கழுத்தை நீட்டியது, மடக்கியது. அதற்குக் கால்கள் இரண்டு இல்லை என்பதை யூனிஸ் அப்போதுதான் பார்த்தாள். ஒன்றுதான் இருந்தது. நகமில்லாத, மூட்டில்லாத, விரல் பருமனான ஒரு தண்டு, கீழே போகப் போகத் தடித்து, டீத்தூள் நிறத் தண்ணீருக்குள் மறைந்தது.

அவள் பலகையின் மறு ஓரத்துக்கு நகர்ந்துகொண்டாள்.

குப்புராஜ் கழியை இழுத்தான். அதன் நுனியிலிருந்து நாரைவரை சளி போல ஒரு நூல் நீண்டு, தொங்கி, அறாமல் ஆடியது. அவன் கழியைத் தண்ணீரில் அலசினான். போகவில்லை.

"சீக்கு வந்த பட்சி டீச்சர்," என்றான். குரலில் தெம்பு இல்லை.

"திரும்பிடலாம். அவரக் கூப்பிடுங்க. திரும்பிடலாம்."

"சார்!" என்று கத்தினான் குப்புராஜ். "சாரே! வந்துருங்க!"

மஞ்சள் கீற்று எங்கும் இல்லை. முன்னால் கோரை ஒரு சுவர் போல நின்றது. அதன் ஓரமாக மடையான்களும், நீர்க்காகங்களும், பெரிய கூழைக்கடா ஒன்றும் வரிசையாக நின்றன. இவ்வளவு பறவை இருந்தும் ஒரு கத்தல் இல்லை, ஒரு சிறகடிப்பு இல்லை. படகு நகர்ந்தது. அத்தனை தலைகளும் ஒன்றாக, ஒரே அளவுக்கு, படகோடு சேர்ந்து திரும்பின.

அப்போது கோரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"யூனிஸ், இங்க வா. இதப் பாரு."

அவர் குரல்தான். கடைசியில் லேசாகத் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். யூனிஸுக்கு உயிர் வந்தது. "என்னங்க! எங்க இருக்கீங்க? வாங்க, போயிடலாம்!"

"யூனிஸ், இங்க வா. இதப் பாரு." கனைப்பு.

"என்னங்க, எனக்குப் பயமா இருக்கு. நீங்க வாங்க."

"யூனிஸ், இங்க வா. இதப் பாரு." அதே இழுவை. அதே கனைப்பு.

குப்புராஜ் அவளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள். அவரை விட்டுவிட்டுப் போக முடியுமா? அவள்தான் தலையசைத்தாள். அவன் கழியை ஊன்றினான்.

கோரையைத் தாண்டியதும் அகலமான தண்ணீர். சாய்ந்த வெயில் அதன் மேல் எண்ணெய் போலப் படிந்திருந்தது. கயாக் கவிழ்ந்து, மஞ்சள் வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தது. அதற்குப் பக்கத்தில் மார்பளவு தண்ணீரில் ஜீவரத்தினம் நின்றிருந்தார். சட்டை நனைந்திருந்தது. மூக்குக் கண்ணாடி மூக்கில் இருந்தது. சிரித்துக்கொண்டே வலது கையைத் தூக்கி அசைத்தார்.

"கவுந்துட்டீங்களா சார்? தோ வந்துட்டேன்." குப்புராஜ் கழியை இறக்கினான். கழி போய்க்கொண்டே இருந்தது. அவன் குனிந்தான். கை நனைந்தது. கழி இன்னும் தரையைத் தொடவில்லை.

"ஆழமாக் கீதே இங்க," என்றான் மெதுவாக. "சார் எப்படி நிக்கிறாரு?"

வந்த வேகத்திலேயே படகு மிதந்துபோய் அவரை நெருங்கியது. வாடை அங்கேதான் இருந்தது. எல்லா வாடையும் அங்கிருந்துதான் வந்தது. யூனிஸ் அவர் முகத்தைப் பார்த்தாள். இருபது வருஷமாகப் பார்க்கிற முகம். நெற்றி சரி. மீசை சரி. மூக்குக் கண்ணாடி...

கண்ணாடி இல்லை அது.

தோல். கண்ணாடியின் வடிவத்தில் முகத்திலிருந்தே புடைத்து எழும்பிய தோல். காதுவரை போன கம்பியும் தோல். வில்லை இருக்க வேண்டிய இடத்தில் மெல்லிய சவ்வு. அதன் பின்னால் இமைக்காத கண். சட்டைப் பொத்தான்களும் அப்படித்தான், பருக்கள் போல. சட்டையே அப்படித்தான்.

"தொடாத!" என்று அவள் அலறினாள். "குப்புராஜ், தொடாத! அது அவர் இல்ல!"

அவன் ஏற்கெனவே குனிந்து அந்தக் கையைப் பிடித்திருந்தான். அழுகிய பலாச்சுளைக்குள் அழுந்துவது போல அவன் விரல்கள் அதற்குள் அழுந்தின. இழுத்தான். வரவில்லை. மணிக்கட்டுவரை உள்ளே போய்விட்டது. திரும்பி அவளைப் பார்த்தான். அந்த முகத்தில் வலி இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது.

"டீச்சர்," என்றான். "சூடாக் கீது."

அவள் அவன் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். படகு ஒரு பக்கமாகச் சரிந்தது. அந்த ஒரு நொடியில் தண்ணீருக்குள் பார்த்துவிட்டாள். மார்புக்குக் கீழே வயிறு இல்லை, கால் இல்லை. உடம்பு ஒடுங்கித் தண்டாகி, வெளுத்து, கண்ணாடி போலத் தெளிந்து, ஆழத்துக்குப் போனது. தண்டுக்குள்ளே ஏதோ மின்னியது. அவருடைய மூக்குக் கண்ணாடி. உண்மையான கண்ணாடி. ஒரு கம்பி வளைந்து, வில்லையில் வெயில் பட்டு, தண்டு சுருங்கி விரிய விரிய, மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

அவள் கை தளர்ந்தது. குப்புராஜ் சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு உள்ளே போனான். தண்ணீர் தெறிக்கவில்லை. மூடிக்கொண்டது. கொஞ்சம் நுரை வந்தது.

"யூனிஸ், இங்க வா. இதப் பாரு."

படகுக்குள் துடுப்பு ஒன்று கிடந்தது. எடுத்தாள். போட்டாள். எந்தப் பக்கம் என்று தெரியாது. கோரை முகத்தில் அறைந்தது. பறவைகள் திரும்பின. பார்த்தன. துடுப்பு எதன் மேலோ பட்டு வழுக்கியது. மெத்தென்றிருந்தது. வாந்தி மடியிலேயே வந்தது. துடைக்கவில்லை. துடுப்பு. துடுப்பு. பின்னாலிருந்து இப்போது இரண்டு குரல்கள்.

"இதப் பாரு."

"தோ வந்துட்டேன்."

எருமையின் நாற்றம் வந்தபோது அவள் அழுதாள். அது செத்த மாட்டின் நாற்றம். வெறும் நாற்றம். அதற்குப் பின்னால் கரை.

கரையில் கோரை அறுத்துக் கட்டிக்கொண்டிருந்த கன்னியம்மா என்ற பெண்தான் முதலில் ஓடிவந்து அவளைத் தூக்கினாள். கன்னியம்மா போட்ட கூச்சலில் சாலையோர டீக்கடையிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். யாரோ சோடா கொடுத்தார்கள். "இன்னா ஆச்சும்மா? குப்புராஜ் எங்க? உன் வூட்டுக்காரு எங்க?"

யூனிஸ் தெளிவாகத்தான் சொன்னாள். "செத்துட்டாங்க. ரெண்டு பேரும் செத்துட்டாங்க. யாரும் உள்ள போகாதீங்க."

"அதோ!" என்று டீக்கடைக்காரர் கையைக் காட்டினார்.

எல்லாரும் திரும்பினார்கள். வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. கோரைக்கு இந்தப் பக்கம், கரையிலிருந்து பார்த்தாலே தெரிகிற இடத்தில், மார்பளவு தண்ணீரில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒரே நேரத்தில் கையைத் தூக்கினார்கள். ஒரே நேரத்தில் அசைத்தார்கள்.

"அடக் கடவுளே, உசுரோட கீறாங்கம்மா!" கன்னியம்மா அவளை இறுகக் கட்டிக்கொண்டு குலுக்கினாள். "தோ பாரு, உன் வூட்டுக்காரு கையாட்டறாரு!"

"அது அவர் இல்ல. ஐயோ, அது அவர் இல்ல. போகாதீங்க!"

"பயந்துகினு ஏதேதோ பேசுது பாவம்," என்றாள் கன்னியம்மா மற்றவர்களிடம். "நீங்க போங்கய்யா, இருட்டறதுக்குள்ள போங்க."

யூனிஸ் வந்த படகிலேயே மூன்று பேர் ஏறினார்கள். அவள் படகின் விளிம்பைப் பிடித்துத் தொங்கினாள். கன்னியம்மாவும் இன்னொரு பெண்ணும் சேர்ந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, சேற்றில் உட்காரவைத்துப் பிடித்துக்கொண்டார்கள். நல்ல பெண்கள். ஒருத்தி முந்தானையால் அவள் வாயைத் துடைத்துவிட்டாள். படகு போயிற்று. கரையில் நின்றவர்கள் சந்தோஷமாகக் கையசைத்தார்கள். "வந்துட்டோம் சார், வந்துட்டோம்!" என்று படகிலிருந்து குரல் கேட்டது. முன்னால் உட்கார்ந்திருந்தவன் குனிந்து கையை நீட்டினான்.

ஜீவரத்தினம் சிரித்தார். குப்புராஜும் சிரித்தான்.

அவர்கள் இருவருக்கும் நடுவே தண்ணீர் மெல்ல உப்பி, உருண்டையாக, வழுவழுவென்று மூன்றாவதாக ஒரு தலை எழும்பியது. அதற்கு இன்னும் முகம் வரவில்லை. கையை மட்டும் தூக்கி அசைத்தது.