கிடங்கில் ஒரு நிமிட இருட்டு

சுண்ணாம்பு அடித்து இரண்டு மாதமாகியும் கிடங்கின் உட்சுவர் காயவில்லை. வெளியே வல்லம் வடகால் வயல்கள் பங்குனி வெயிலில் வெடித்துக் கிடக்க, உள்ளே மட்டும் யாரோ இப்போதுதான் சுண்ணாம்பு மட்டையை நனைத்து இழுத்துவிட்டுப் போன மாதிரி ஈரமும், கந்தக நெடியும், அதற்கடியில் தேவராஜன் தெரிந்தும் பெயர் சொல்லிக்கொள்ள விரும்பாத இன்னொரு வாடையும் கலந்து வந்தன.

உலக யுத்தம் முடிந்து முப்பது வருஷமாய்ப் பூட்டிக் கிடந்த பட்டாளத்து வெடிமருந்துக் கிடங்கு அது. அதை ஜனங்கள் பார்க்கத் திறந்துவிடும் பொறுப்பு சுற்றுலா அதிகாரி தேவராஜனுடையது. பார்க்க வருகிறவர்களை உள்ளே நிறுத்திக் கதவைச் சாத்தி, ஒரு நிமிட இருட்டில் அபாயச் சங்கு ஊதிக் காட்டுவது அவர் யோசனை. இன்று பள்ளிப் பிள்ளைகளை வைத்து ஒத்திகை. நாளை திறப்பு விழா. நல்லபடி நடந்தால் பதவி உயர்வு நிச்சயம்.

அங்கே வேலை செய்கிறவர்கள் வெடிமருந்து இருந்த இடமென்று செருப்பை வாசலிலேயே விட்டுவிடுவார்கள். செருப்பு கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. காவல்காரர் நாகப்பன் அதைப் பார்த்துத்தான் பூட்டுவார். பொங்கலுக்கு முன்னால் மேலதிகாரி வந்த அன்று, வாசல் லட்சணமாக இருக்கட்டும் என்று செருப்புகளை அப்புறப்படுத்தச் சொன்னவர் தேவராஜன். சுண்ணாம்பு அடிக்க வந்த பாஞ்சாலி உள்ளே அசந்து தூங்கியிருந்தாள். பண்டிகை முடிந்துதான் கதவு திறந்தது.

பழி நாகப்பன் தலையில் விழுந்தது. இன்று காலையிலும் வந்து நின்றார்.

“நீங்க சொல்லித்தான் செருப்ப எடுத்தாங்கன்னு ஒரு வார்த்த சொல்லுங்க சார். வூட்லயே என்னக் கொலகாரன்றாங்க.”

“விழா முடியட்டும்பா. பாக்கலாம்.”

சொல்லிவிட்டு விலகி நடந்தார். பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

பிள்ளைகள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு வரிசையாக உள்ளே போனார்கள். தேவராஜன் வெளியே நின்று கதவைச் சாத்தினார். சங்கு ஊதியது. கூச்சலும் சிரிப்பும் கேட்டன. பிறகு அடங்கின.

கதவுக்குப் பின்னால் ஒரு சத்தம். சுவரில் மட்டை இழுபடும் சத்தம். சர்ர்... சர்ர்... நின்றது.

அவசரமாகத் திறந்தார். பிள்ளைகள் கைகோத்தபடியே வெளியே வந்தார்கள். கூட வந்திருந்த வாத்தியார் அவர்களை மரத்தடிக்கு ஓட்டிக்கொண்டு போனார். கடைசியாக மரகதம் என்ற சிறுமி. வாசற்படியில் நின்றுவிட்டாள். அவளுடைய ஒரு கை பின்னால் இருட்டுக்குள் நீண்டிருந்தது.

“வாம்மா.”

“இந்த அக்கா கைய வுட மாட்டேங்குறாங்க சார்.”

“எந்த அக்கா?”

“உள்ள கீறவங்க. நீங்க வந்து புடிச்சிக்கினா என்ன வுட்டுடுவாங்களாம்.”

ஓர் எட்டு வைத்தால் போதும். கால் எழவில்லை. கை நீளவில்லை. வாயும் திறக்கவில்லை.

மரகதம் அழவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பாதங்கள் ஈரத் தரையில், மெல்ல, மெல்ல, உள்ளே சறுக்கிக்கொண்டிருந்தன.