வெட்டாத குழிக்குள் ஒரு பிணம்!

"ஆத்தாடீ... கை...! கையி...!"

இருளாயி அலறிய அலறலில் கண்மாய்க்குள் மேய்ந்த ஆடுகள் தெறித்து ஓடின.

மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள் பூமயில். நூறு நாள் வேலையின் பணித்தளப் பொறுப்பாளர். காலையிலும் மதியமும் ஆட்களை வரிசையில் நிறுத்தி, செல்போனில் போட்டோ பிடித்து ஏற்றுவதுதான் அவள் வேலை. அவளே மண்வெட்டி பிடிக்கிறாள் என்றால் இன்று அவ்வளவு அவசரம்!

குழிக்குள் எட்டிப் பார்த்தாள்.

மண்ணுக்குள்ளிருந்து ஒரு கை. மணிக்கட்டில் செப்புக் காப்பு.

"யாத்தே... இது ஜேசிபி சேதுராசுல்ல?"

ஆமாம். பத்து நாளாகக் காணாமல் போயிருந்த அதே சேதுராசு!

ஊரே தேடியது. இந்தக் குழியில் மட்டும் யாரும் தேடவில்லை. ஏனென்றால் அப்படி ஒரு குழியே கிடையாது!

போன வருஷமே வெட்டி முடித்ததாகக் கணக்கு. 'பணி முடிந்தது' என்று சிமெண்டுப் பலகைகூட நட்டாயிற்று. பலகைக்குக் கீழே ஒரு எலிவளைகூட இல்லை. நாளைக்கு மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள் என்று காலையில்தான் ஓவர்சியரம்மா போனில் அலறினார்.

"எப்பாடுபட்டாவது இன்னிக்கே அந்தக் குழிய வெட்டிரு பூமயிலு!"

வெட்டினார்கள். வந்தது சேதுராசு.

மதியத்துக்குள் இன்ஸ்பெக்டர் தெய்வேந்திரன் வந்தார். உடலை ஏற்றி அனுப்பினார். கண்மாயைச் சுற்றிக் கயிறு கட்டினார். ஊராட்சி அலுவலகத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

அடுத்த பத்தாவது நிமிஷம்... பூமயிலின் புருஷன் கார்மேகம் ஜீப்பில்!

"ஐயா! அவரு என்னய்யா பண்ணுனாரு?"

"சேதுராசு காணாமப் போனதுக்கு முந்தின நாள் டீக்கடையில அவன் சட்டையப் புடிச்சது யாரு?"

"எங்க வேலைய ராவோட ராவா மிஷினை வச்சு முடிச்சிட்டு, பொம்பளைங்களப் போட்டோவுக்கு மட்டும் நிக்கச் சொன்னான்யா. அதான் கேட்டாரு!"

"கேட்டவன் மறுநாள் காலையில எங்க இருந்தான்?"

"ராக்கம்மா கருமாதி விருந்துக்கு வாழையிலை வாங்கப் பரமக்குடி போனாருய்யா..."

"கூட யாரு போனா?"

தனியாகத்தான் போனான்!

அப்போது பைக்கில் பறந்துவந்து இறங்கினார் ஊராட்சி கிளார்க் குருநாதன். மூன்று நாளாக மாவட்டத் தலைநகரில் பயிற்சி வகுப்பு. வெள்ளைச் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

"போனை அணைச்சு வச்சிருந்தேன் சார். கண்மாய்ல பொணம்னு இப்பத்தான் வாசல்ல ஏட்டையா சொன்னாரு!"

"சேதுராசோட உங்களுக்கும் பழக்கமாமே. அவன் காணாமப் போன அன்னிக்கு நீங்க எங்க?"

குருநாதன் சிரித்தபடி கம்ப்யூட்டரைத் தட்டினார்.

"பாருங்க சார். அன்னிக்கு வேலைத்தளத்துப் போட்டோ. ஓரமா நிக்கிறது நான்தான். இடமும் நேரமும் தானாப் பதிஞ்சிருக்கு. நான் பொய் சொல்லலாம்... கவர்மெண்டு போட்டோ சொல்லுமா?"

இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். "அந்தக் கார்மேகத்தை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோங்கய்யா!"



அந்தப் போட்டோவை ஏற்றியதே பூமயில்தான்! அன்று கண்மாய்க்கு ஒரு ஆளும் வரவில்லை. கூலி போய்விடக் கூடாதே என்று குருநாதன் ஒரு பழைய போட்டோவை அனுப்பி, "வேலைத்தளத்துல நின்னு இதையே போட்டோ புடிச்சு ஏத்திரு" என்றார். ஏற்றினாள்.

சொன்னால் வேலை போகும். கேஸ் வரும். ஊர்ப் பெண்களின் கூலியும் நிற்கலாம். ஆம்பளைக்குச் சமமாய், சொந்த பேங்க் கணக்கில் விழும் கூலி. அது வந்த பிறகுதான் இந்தப் பெண்கள் பண்ணை வீட்டு வாசலில் கைகட்டி நிற்பதை விட்டார்கள்.

சொல்லாவிட்டால்... கார்மேகம் கம்பி எண்ணுவான்.

ஜீப் உறுமியது.

"ஐயா, நிறுத்துங்க! அந்தப் போட்டோ பொய்யி!"

குருநாதனின் சிரிப்பு பாதியில் நின்றது. "என்ன உளர்ற?"

"பழைய போட்டோவப் போட்டோ எடுத்து நான்தான்யா ஏத்துனேன். அனுப்புனது இவருதான். அதுல இவரு நிப்பாரு. அதனாலதான் அதப் பொறுக்கி எடுத்து அனுப்பிருக்காருன்னு இப்பத்தான் புரியுது!"

"புருஷனைக் காப்பாத்தக் கதை விடுறா சார்!"

"ஆதாரம் இருக்காம்மா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

பூமயில் திரையில் விரலை வைத்தாள். முன்வரிசையில், தலையில் சும்மாடு, வாயெல்லாம் பல்லாக ஒருத்தி.

"இது ராக்கம்மா. அன்னிக்கு வேலைக்கு ஆளு வராததே இவ கருமாதிக்குத்தான்யா!"

ஜன்னலுக்கு வெளியே நின்ற இருளாயி எக்கிப் பார்த்தாள்.

"அடிப்பாவி! உசுரோட இருந்தப்ப ஒரு நாளும் நேரத்துக்கு வரமாட்டா. தன் கருமாதியன்னிக்கு மொத ஆளா வந்து நிக்கிறா பாரேன்!"

வெளியே கூட்டம் சிரித்தது. இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை.

"ஊரே கருமாதியில இருந்திருக்கு. கிளார்க்கு மட்டும் எங்க போனீங்க?"

குருநாதன் பூமயில் மீது பாய்ந்தார். "எல்லாம் ஒன்னாலடி! முடிஞ்சு போன குழியத் திரும்ப வெட்டச் சொன்னது எவ? பலகை நட்டிருக்கே, கண்ணு தெரியலையா?"



இன்ஸ்பெக்டர் மெதுவாக எழுந்தார்.

"கண்மாய்ல பொணம்னுதானே ஏட்டையா சொன்னாரு. எந்தக் குழின்னு யாருமே சொல்லலையே... கிளார்க்கு சார்?"

குருநாதன் பொத்தென்று பெஞ்சில் உட்கார்ந்தார். அப்புறம் எல்லாம் வந்தது. மிஷின் வாடகையில் பங்குத் தகராறு... சேதுராசு கலெக்டரிடம் போகப்போவதாக மிரட்டியது... கருமாதியன்று ஆளில்லாத கண்மாய்... கடப்பாரை.

"கணக்குல வெட்டி முடிச்ச குழி சார்... எவனும் மறுபடி வெட்ட மாட்டான்னு நம்பினேன்..."

விலங்கு பூட்டினார்கள். ஜீப்பிலிருந்து கார்மேகம் இறங்கினான். அவன் ஏறிய இடத்தில் குருநாதன் ஏறினார்.

"போட்டோ விஷயத்தை நான் எழுதித்தான் ஆகணும்மா. பொறுப்பாளர் வேலை இருக்காது" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எழுதுங்கய்யா. நாளையிலேர்ந்து மண்வெட்டியோட வரிசையில நிக்கிறேன்" என்றாள் பூமயில். கண் கலங்கியது. கார்மேகத்தின் கையை மட்டும் விடவில்லை.

இருளாயி முன்னால் வந்தாள்.

"அதெல்லாம் இருக்கட்டும் ஐயா. மதியப் போட்டோ எடுக்கணும். அந்தக் கயித்தக் கொஞ்சம் அவுத்து விடச் சொல்லுங்க."

"கொலை நடந்த இடம்மா! யாரும் உள்ள போகக் கூடாது."

"ரெண்டாவது போட்டோ இல்லன்னா இன்னிக்குக் கூலி கெடையாதேய்யா!"

"நான் என்ன பண்ண முடியும்?"

இருளாயி மண்வெட்டியைத் தோளில் போட்டாள். ஊரைப் பார்த்துத் திரும்பினாள்.

"வாங்கடி போவோம்! வெட்டாத நாளுக்கெல்லாம் டாண்ணு கூலி வந்துச்சு... அதிசயமா ஒரு நாள் நெசமா வெட்டுனோம், பொணந்தான் வந்துச்சு!"