வேதநாயகத்தின் மூச்சு

வேதநாயகத்தின் மூச்சுச் சத்தம் நின்றுபோனதை அக்னஸ் முதலில் தன் வெற்றி என்றே எடுத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் அது. பூசை முடிந்து வந்து, கோழிக்குழம்பும் சோறும் சாப்பிட்டுவிட்டு, கணவனும் மனைவியும் கட்டிலில் சாய்ந்திருந்தார்கள். மேலே காற்றாடி கிரீச்சிட்டுச் சுற்றிக்கொண்டிருந்தது. பின்வீட்டுச் சீனர் சட்டியில் பூண்டு பொரிகிற சத்தமும் அதன் வாசனையும் ஜன்னல் வழியே வந்தன. டத்தோ கிராமாட் சாலையில் பேருந்து ஒன்று உறுமிக்கொண்டு போனது. பக்கத்தில் படுத்திருந்த மனிதரிடமிருந்துதான் ஒன்றும் வரவில்லை.

இருபத்தொன்பது வருடம் அந்த மூச்சோடு அவள் குடும்பம் நடத்தியிருந்தாள். மூக்கு என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டு வாயால் மூச்சு விடுகிற மனிதர் அவர். இழுக்கும்போது ஒரு சீட்டி, விடும்போது ஒரு கரகரப்பு, நடுவில் எச்சில் விழுங்கும் சத்தம். பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகு முழு நேரமும் வீட்டில் இருந்தார். முழு நேரமும் அவள் அதைக் கேட்டாள். கல்யாணப் போட்டோவிலேயே அவர் வாய் திறந்துதான் இருக்கிறது. போன கிறிஸ்துமஸுக்கு மகள் நட்டாலியின் மாமனார் வீட்டார் வந்திருந்தபோது, பத்துப் பேர் நடுவில், "இந்த மனுஷன் மூச்சு விடுறத நிறுத்தினாத்தான் லா எனக்கு நிம்மதி" என்று சொல்லிவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். வேதநாயகமும் சிரித்தார். அன்று இரவு மட்டும் ஹாலில் போய்ப் படுத்துக்கொண்டார்.

ஜனவரியில் அக்னஸ்தான் அவரை சலேஹாவின் வகுப்பில் சேர்த்துவிட்டாள். கெலுகோரில் கடைவரிசை ஒன்றின் மாடியில், சனிக்கிழமை காலைதோறும், மூச்சை மாற்றிப் பழக்கும் வகுப்பு. சலேஹா முன்பு மருத்துவமனையில் பிசியோதெரபி வேலை பார்த்தவள், அளந்து பேசுகிறவள். வாயை மூடுங்கள், மூக்கால் விடுங்கள், மெதுவாக, குறைவாக; உங்கள் மூச்சு உங்களுக்கே கேட்கக் கூடாது. இவ்வளவுதான் பாடம். தினமும் காலையில் மூச்சை வெளியே விட்டபின் மூக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, அடுத்த மூச்சை உடம்பு எப்போது கேட்கிறதோ அதுவரை வினாடிகளை எண்ண வேண்டும். முதல் நாள் வேதநாயகத்தின் எண் பதினொன்று. நாற்பது வந்தால் போதும், அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள் என்றாள் சலேஹா.

மார்ச்சில் நாற்பது வந்தது. இரத்த அழுத்த மாத்திரையை டாக்டர் பாதியாகக் குறைத்தார். அக்னஸ் கோயில் வாசலில் நின்று நாலு பேரிடம் இதைச் சொல்லிப் பெருமைப்பட்டாள். ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த காலண்டரில் அவர் தினமும் எண்ணை எழுதி வந்தார்: அறுபத்துநாலு, நூற்றுப் பத்து, நூற்றுத் தொண்ணூறு. மனுஷன் எண்ணுவதில் ஏமாற்றுகிறார் என்று அவள் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள். மே மாதத்துக் கட்டங்களில் எதுவும் எழுதப்படவில்லை.

இப்போது கட்டிலில் அவள் திரும்பிப் படுத்து அவருடைய மார்பைப் பார்த்தாள். பனியனின் மேல்விளிம்பு காற்றாடிக் காற்றில் லேசாக அசைந்தது. அதற்குக் கீழே அசைவு இல்லை. தானும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்த அவளுக்கு முட்டும் அளவுக்கு நேரம் ஆயிற்று.

"ஏங்க."

உடனே கண் திறந்தார். தூங்கின கண்ணாக அது இல்லை.

"என்னா அக்னஸ்?"

"ஒன்னுமில்ல."

அவர் புரண்டு வந்து அவள் காதோரம் வாயை வைத்தார். "இப்ப நிம்மதியா இருக்கா? சத்தமே இல்ல, பாத்தியா." உதடு காதுமடலில் உரசியது. ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுந்தது. ஆனால் காதில் காற்று படவில்லை.

அதன்பிறகு அவளால் சும்மா இருக்க முடியவில்லை. கொதிக்கக் கொதிக்கக் கொடுத்த காப்பியை அவர் ஊதாமல் குடித்தார். மீன்குழம்பு கெட்டு வீடே நாறியது. அவர் முகம் சுளிக்காமல் சோற்றில் ஊற்றிப் பிசைந்தார். புதன்கிழமை மாலை செபமாலை சொல்ல உட்கார்ந்தபோது, முன்பெல்லாம் பாதி வாக்கியத்தில் காற்றுக்குத் தவிக்கிறவர், விசுவாசப் பிரமாணத்தை முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல்வரை ஒரே இழுவையாக, எங்கும் நிறுத்தாமல், ஏற்ற இறக்கம் இல்லாத குரலில் சொல்லி முடித்தார். அடுத்த செபத்தைத் தொடங்க வேண்டிய அக்னஸ் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெழுகுவத்தியின் புகையும் மல்லிகைப் பூவின் வாசமும் நெஞ்சில் அடைத்தன. மாதாவின் படத்தைப் பார்த்தபடியே அவர் அவளுக்காகக் காத்திருந்தார்.

சனிக்கிழமை மாலை அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து சலேஹாவுக்கு போன் போட்டாள்.

"அக்கா, அண்ணன் கிளாஸுக்கு வந்து ஆறு வாரம் ஆச்சு," என்றாள் சலேஹா. "நான்தான் வர வேணாம்னு சொன்னேன். அவரு உங்ககிட்ட சொல்லலியா?"

"ஏன் வர வேணாம்னே?"

"எல்லாருக்கும் முதுகுல கை வெச்சுப் பாப்பேன் அக்கா, மூச்சு எங்க வரைக்கும் இறங்குதுன்னு. அண்ணன் முதுகுல ரொம்ப நேரம் வெச்சிருந்தேன். செவுத்துல கை வெச்ச மாதிரி இருந்திச்சி. நான் சொல்லிக் குடுத்தது இது இல்ல. டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்க, வீட்டுலயும் சொல்லுங்கன்னேன். சரி சரின்னு சிரிச்சாரு." குரலைத் தாழ்த்தினாள். "இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க லா, அக்கா. தயவுசெஞ்சு."

இன்று காலையில்கூட வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வகுப்புக்கு என்றுதான் கிளம்பிப் போனார். எங்கே போய் உட்கார்ந்துவிட்டு வருகிறாரோ தெரியவில்லை. குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. முன்பு அந்தத் தண்ணீர்ச் சத்தத்தையும் மீறி அவருடைய செருமலும் கரகரப்பும் கேட்கும். அக்னஸுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வாய்த்துடுக்கில் ஒரு வார்த்தை சொன்னேன், இந்த மனுஷன் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாரே என்று நெஞ்சு எரிந்தது. அந்தச் சீட்டி திரும்ப வந்தால் போதும், செத்தாலும் குறை சொல்ல மாட்டேன் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றதும் அவர் மறுக்கவில்லை. "சரி, காடி எடுக்கிறேன்" என்றார். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. கிளம்பும்போது ஏழரை தாண்டி இருட்டிவிட்டது, மழை பிடித்துக்கொண்டது. பழைய கார், ஏர்கோன் கெட்டு மாதக்கணக்காகிறது. மழைக்காகக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டதால் உள்ளே நனைந்த ரப்பர் விரிப்பின் வாடையும் அவளுடைய தைல வாசனையும் சேர்ந்து புழுங்கின. கூரையில் மழை கொட்டியது. துடைப்பான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்தது.

முன்கண்ணாடியின் உட்புறத்தில் பனி படர ஆரம்பித்தது. கைக்குட்டையால் துடைத்தாள். மறுபடி படர்ந்தது. அப்போதுதான் கவனித்தாள். அவள் முன்னால்தான் அது படர்ந்தது. கண்ணாடியின் நடுவரைக்கும் வெள்ளையாக வந்து நின்றுவிட்டது. அவர் பக்கத்தில் சாலை, விளக்குகள், மோட்டார் சைக்கிள்களின் சிவப்புப் புள்ளிகள் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன.

அக்னஸ் கைக்குட்டையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள்.

"உன் பக்கம் மட்டும் மூடுது," என்றார் அவர்.

கார் வேகம் குறைந்தது. பூட்டிக் கிடந்த கடைவரிசை ஒன்றின் ஓரம் போய் நின்றது.

"ஏன் நிறுத்துறீங்க? ஆஸ்பத்திரி இன்னும் கொஞ்ச தூரந்தான்."

"நீ நெறைய மூச்சு விடுறே அக்னஸ்." குரலில் கோபம் இல்லை. "என் சத்தம் நின்னதுல இருந்து எனக்கு அது ஒன்னுதான் கேக்குது. ராத்திரி பூரா. நீ சமைக்கிறப்ப. செபம் சொல்றப்ப. தாங்க முடியல."

அவள் கை கதவுப் பிடிக்குப் போனது.

"நீ கேட்டேன்னு நான் கத்துக்கிட்டேன்," என்றார். "எனக்காக ஒரே ஒரு தடவ செய்ய மாட்டியா?"

இருபத்தொன்பது வருடத்தில் அவர் அவளிடம் எதையும் கேட்டதில்லை. அந்த நினைப்புதான் அவள் கையைப் பிடியிலேயே நிறுத்திவைத்தது.

"செஞ்சா ஆஸ்பத்திரிக்கு வருவீங்களா?"

"வரேன்."

"சத்தியமா?"

"மாதா மேல சத்தியமா."

அவள் மூச்சை வெளியே விட்டாள். கண்ணாடியில் கடைசியாக ஒரு வெள்ளைத் திட்டு படர்ந்தது. அவருடைய இரண்டு விரல்கள் வந்து அவள் மூக்கைப் பிடித்தன. காய்ந்த விரல்கள். சூடும் இல்லை, குளிரும் இல்லை.

"வாய மூடிக்கோ," என்றார். "ஒன்னு. ரெண்டு."

பத்தில் ஒன்றும் தெரியவில்லை. இருபதில் நெஞ்சு கேட்டது. போதும் என்று தலையை ஆட்டினாள். விரல்கள் நகரவில்லை. முப்பத்தைந்தில் அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள், நகத்தால் கீறினாள். கீறல் வெள்ளையாகவே இருந்தது. வாயைத் திறக்கப் பார்த்தாள். உதடு பிரியவில்லை. காதுக்குள் இரைச்சல். கண்ணில் பொறி. மழை தூரத்தில்.

"அறுபது. அறுபத்தொன்னு."

பிறகு அந்தத் தவிப்பு போய்விட்டது.

அடங்கவில்லை. போய்விட்டது. நெஞ்சு எதையும் கேட்கவில்லை. தைல வாசனை இல்லை. ரப்பர் வாடை இல்லை. மடியில் அவள் கைகள் அமைதியாகக் கிடந்தன.

கண்ணாடியில் பனி ஓரத்திலிருந்து கரைந்தது. முதலில் எதிர்க்கடையின் பெயர்ப்பலகை தெரிந்தது. பிறகு அதன் கீழே மழைக்கு ஒதுங்கி நின்ற ஒருவன், மழைக்கோட்டோடு, சிகரெட் புகையை நிதானமாக இழுத்து வெளியே விடுவது. கடைசித் திட்டும் போனது. இரண்டு பக்கமும் ஒன்றுபோல் தெளிந்திருந்தன.

இழுக்க வேண்டும் என்று அக்னஸ் நினைத்தாள். எதைக் கொண்டு இழுப்பது என்று தெரியவில்லை.

"இருநூத்தி ஆறு," என்றார் வேதநாயகம், சாலையைப் பார்த்தபடி. "இருநூத்தி ஏழு."

அவருடைய இரண்டு கைகளும் ஸ்டியரிங்கின் மேல் இருந்தன.