மாதுளையடியில் ஊற்றிய பால்

வீட்டில் குழந்தையே இல்லை. ஆனாலும் கொல்லைப்பக்கம் ஒரு குழந்தை சிணுங்கியது. பிரிஜெட்டின் ரவிக்கை நனைந்தது.

குறைமாதத்தில் பிறந்த அவள் மகன் ஆஸ்பத்திரியில் கிடந்தான். சப்பத் தெம்பில்லை. நர்ஸ் கொடுத்த ரப்பர் குமிழ் வைத்த கண்ணாடிப் பம்பில் அவள் பாலெடுத்துத் தர, கணவன் மதலைமுத்து காலையில் சைக்கிளில் கொண்டுபோவான். சுறாப்புட்டும் பூண்டும் தின்று நாக்குச் செத்ததுதான் மிச்சம், புட்டியின் அடிகூட நனையவில்லை. பிள்ளை பிழைக்கவேண்டும் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டாள்.

மாலையில் எடுக்கும் கொஞ்சமும் காலைவரை தாங்காது. "கண்ட எடத்துல கொட்டிடாத கண்ணு, எறும்பு மொய்ச்சா பால் வத்திடும். செடியில ஊத்து," என்றாள் பக்கத்து வீட்டுச் சின்னத்தாயி. கொல்லை மாதுளையடியில் ஊற்றினாள். அன்றிலிருந்துதான் அந்தச் சிணுங்கல். அன்றிலிருந்துதான் புட்டியும் கழுத்துவரை நிரம்பியது. மாதா கண் திறந்துவிட்டாள் என்று அழுதாள்.

இன்று சாயங்காலத் தூறலில், ஈர மண்ணும் புளித்த பாலும் கலந்து மணக்கிற அந்த மூலையில் குனிந்து அவள் பாலைக் கவிழ்த்தபோது, மண்ணுக்குள் யாரோ உறிஞ்சும் சத்தம் கேட்டது. நின்றது. மூச்சு வாங்கியது. மறுபடி உறிஞ்சியது.

மதிலுக்கு அந்தப்பக்கம் சின்னத்தாயி மாரில் அடித்துக்கொண்டாள். "அய்யய்யோ, மாதுளைக்கா ஊத்தற? முன்ன குடியிருந்தவங்க புள்ள அங்கதான் இருக்கு! ஞானஸ்நானத்துக்கு முன்னயே போயிடுச்சுன்னு கல்லறையில எடம் குடுக்கலியாம்."

பிரிஜெட் அதோடு ஊற்றுவதை நிறுத்தினாள். பாலும் நின்றது. பம்பில் வெறும் காற்று.

"புள்ள எளைச்சுக்கிட்டே போறான் பிரிஜெட்டு," என்றான் மதலைமுத்து, தலை நிமிராமல். "ஒரு சொட்டுகூடவா இல்ல?"

அவன் வேலைக்குப் போனதும் மாதுளையடியில் மண்டியிட்டாள். ரவிக்கையை அவிழ்த்து மண்ணோடு சாய்ந்தாள். "குடிச்சித் தொலை. ஆனா எம்புள்ளைக்கும் வுடு."

பால் பீறிட்டது.

மகன் தேறினான். வீட்டுக்கும் வந்துவிட்டான். அதற்கப்புறம் அவள் கொல்லைக் கதவைத் திறக்கவேயில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து அவனை இடப்பக்கம் அணைத்தாள். சப்பினான். நன்றாகவே சப்பினான். கொல்லையில் சிணுங்கல் இல்லை. அப்பாடா என்று கண்ணை மூடினாள்.

ஈர மண் வாசனை.

மடி கனத்தது. வலப்பக்கம் ஏதோ கவ்வியது. பல்லில்லாத ஈறு. சில்லென்று.

இடப்பக்கம் மகன் வெறுங்காம்பைச் சப்பிப் பார்த்து வீறிட்டான். வலப்பக்கம் உறிஞ்சும் சத்தம் நிற்கவேயில்லை.